மெத்தை தைத்த கதவு

அத்தியாயம் 17

போன வாரம் கடைக்கு வந்த கப்பல்காரரின் கைப்பேசியில் அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து காதுக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேசியது அந்நியர் இல்லை. அவளுடைய அக்கா புருஷன். பஸ், கார், லாரி எதுவானாலும் சீட்டுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். காது மிஷின் விற்றுப் பொருத்துகிற கடை வைத்திருப்பதால் இவள் காதுக்காரி. பட்டப்பெயர் வைப்பதில் அந்தத் தெருவுக்குச் சலிப்பே கிடையாது.

மெத்தைக்காரர் தியானத்தில் ஊறியவர். டயர் கடை மாடியில் கூடும் தியானக் கூட்டத்தில் அவருக்குத் தனி மரியாதை. கண்ணை மூடி, பார்வையைப் புருவ நடுவில் நிறுத்தி, தனக்குத் தரப்பட்ட நாமத்தை நாக்கு அசையாமல் மனதால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சத்தம் அடங்க அடங்க உள்சத்தம் எழும் என்பது அவர்கள் வழி. முதலில் வண்டு முரலும். பிறகு மணி. அதையும் தாண்டினால் முரசு. மணி வரை போனவர்கள் சிலர் உண்டு. முரசு கேட்டவர் அந்த மாடியில் ஒருவர்தான்.

அவர் முரசு கேட்ட அதே காலையில்தான் மூச்சிழுப்பு வந்து அவர் மனைவி செத்துப்போனாள்.

இரண்டு வருடம் ஆகிறது. அவர் உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் நேரம் முடிவதற்கு முன் எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் சமையலறைத் தரையில் மனைவி கிடந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். காதுக்காரியும் நம்பினாள்.

அந்த நம்பிக்கையைத்தான் போன வாரப் பேச்சு உடைத்துப் போட்டது. கூட்டத்தில் யாரோ பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். புது மிஷின் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கக் கப்பல்காரர் அதைத்தான் ஓட விட்டார்.

"முதல்ல வேகமா, விடாம கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு ரெண்டா. அப்புறம் ஒண்ணு, கொஞ்சம் நின்னு இன்னொண்ணு. கடைசியில பட்டுத்துணி நழுவற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம் மௌனம். அந்த மௌனத்துலதான் எனக்கு வெளிச்சம் கிடைச்சது. போகிற உயிர் எனக்குக் கொடுத்துட்டுப் போன தானம் அது."

பதிவில் பலர் விம்மியது கேட்டது. காதுக்காரியின் கையிலிருந்த சின்னத் திருப்புளி கீழே விழுந்து உருண்டது.

அக்காவுக்குக் கடைசியாக உடை மாற்றியவள் அவள்தான். இரண்டு கைகளின் ஓரமும், சுண்டுவிரலுக்குக் கீழே, நீலமாகக் கன்றிப்போயிருந்தன. விழுந்தபோது எங்கோ பட்டிருக்கும் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள்.

விழுந்தால் ஒரு பக்கம் படும். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் படாது.

அக்காவின் இன்ஹேலர் எப்போதும் உள்ளறை அலமாரியில்தான் இருக்கும். இழுப்பு வந்தவளால் கத்த முடியாது. தட்டத்தான் முடியும். அந்தக் கதவோ அத்தானே தன் கையால் மெத்தை தைத்தது. தெருச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று உட்பக்கம் முழுக்க ஃபோம் வைத்து, மேலே கறுப்பு ரெக்ஸின் இழுத்து, பித்தளை ஆணி அறைந்திருந்தார். வெளிப்பக்கம் வெறும் மரம். மரத்தில் கை அறைந்தால் உள்ளே என்னவாகக் கேட்கும்?

தட்டித் தட்டி ஓய்ந்து, தண்ணீருக்காகச் சமையலறை வரை ஊர்ந்து போய் விழுந்திருக்கிறாள் அக்கா. உள்ளே இருந்தவர் அதை முரசு என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இன்று வரை அவருக்கு அது தெரியாது.

தெரிய வைக்க வேண்டும். காதுக்காரிக்கு வேண்டியது அவ்வளவுதான். அது தெரிகிற கணத்தில் அவர் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மனம் ஒரே நினைப்பில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த மாடியில் பாடம் என்றால், இந்த ஒரு வாரமாக அவளை மிஞ்சிய மாணவி அங்கே கிடையாது.

இன்று மாலை அந்தக் கூட்டத்தின் தலைமை இருக்கையில் மெத்தைக்காரரை உட்கார வைக்கிறார்கள்.

*

கடையைத் திறந்ததும் கப்பல்காரர் வந்து நின்றார். கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். மிஷின் வலது காதில் கரகரக்கிறது, சாயந்திரத்துக்குள் சரிசெய்து கொடுத்துவிடு என்று உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டுக்காரி பேசறது மட்டும் கேக்காம இருக்க ஒரு பட்டன் வெச்சுத் தாயேன்."

"அந்தப் பட்டன் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்காமே. அம்மா வந்து புகார் சொல்லிட்டுப் போனாங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, மாலை நடக்கப் போவதை விவரித்தார். இப்போது இருக்கையில் இருக்கும் டீச்சரம்மா மகனோடு போய் இருக்கப் போகிறார். அதனால் புது ஆள். ஆளை உட்கார வைப்பதற்கு முன் கதவைத் தாழிட்டு எல்லோரும் கண்ணை மூடி உட்காருவார்கள். அவர்மேல் யாருக்காவது மனக்குறை இருந்தால் தரையில் கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். யார் தட்டியது, எதற்குத் தட்டினார்கள் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவருக்கு இருக்கை கிடையாது.

"ஒரு தட்டா?" என்றாள் காதுக்காரி, மிஷினுக்குள் தூரிகையை விட்டுக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு. ஆனா இவருக்கு யாரும்மா தட்டப் போறாங்க? எறும்பு குறுக்க வந்தாக்கூட நின்னு வழி விடற மனுஷன்."

தூசியைத் தட்டி, புது பேட்டரி போட்டு, அவர் காதில் பொருத்தினாள். இப்போது குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்றாள். கேட்கட்டும், எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர் படியிறங்கும்போதே எதிரில் மெத்தைக்காரர் ஏறி வந்தார்.

சட்டைப்பையில் நூல்கண்டு, விரல் நுனியில் ரெக்ஸின் பசை. இருக்கைக்கு வேண்டிய மெத்தையைத் தானே தைத்து முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னார். காதுக்காரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நீ வரணும்மா. உங்க அக்கா இருந்தா முன்னால உக்காந்திருப்பா."

அக்கா எங்கே முன்னால் உட்கார்ந்தாள்? அவளும் நாமம் வாங்கியவள்தான். உட்காரத்தான் நேரம் கிடைத்ததில்லை. இவர் உள்ளே கண்ணை மூடியிருக்கும் நேரமெல்லாம் அவள் வெளியே இவருடைய ஆர்டருக்குத் தையல் மிஷின் மிதித்தாள். மிதியின் தாளத்திலேயே நாமம் சொல்லுவாள். நீ எப்போதுதான் தியானம் செய்வாய் என்று தங்கை கேலி செய்தால், "எனக்கு உக்கார நேரமில்லடி, அது வந்து எம்பக்கத்துல உக்காந்துக்குது" என்பாள். அந்த மாடியில் இருக்கும் எல்லோரையும்விட அக்காதான் அந்த வழியில் தூரம் போனவள் என்று காதுக்காரிக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

"வர்றேன் அத்தான்."

"எம்மேல உனக்கு மனசுல ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சாந்தமான முகம். அந்தச் சாந்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல அத்தான்."

போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த காது மிஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நடந்ததைப் பத்தி நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"கேக்க என்ன இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் உள்ளே வர, சரி, சாயந்திரம் பார்க்கலாம் என்று இறங்கிவிட்டார். வாயைத் திறந்தவர் என்ன சொல்ல வந்தார் என்பதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் அந்த ஒரு தட்டில் இருந்தது.

ஒரு தட்டு அவளுக்குப் போதாது. அக்கா தட்டியது போலவே தட்ட வேண்டும். வேகமாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு ஒவ்வொன்றாக. அவர் கண் மூடி அதைக் கேட்க வேண்டும். மறுபடி முரசு வந்துவிட்டது என்று முகம் மலர வேண்டும். மலர்ந்த முகத்தோடு கண்ணைத் திறந்து, தட்டுகிற கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. தப்பான ஆள்மேல் கை ஓங்கக் கூடாது.

*

மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் மாடியில் மெத்தை போடப் போயிருந்தார். அக்கா மகள் மட்டும் வீட்டில் இருந்தாள். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வீட்டில் அவளை மீன்குட்டி என்பார்கள். அம்மாவின் இழுப்பு அவளுக்கும் வந்திருந்தது. மூச்சு பலப்பட வேண்டும் என்றுதான் சின்ன வயதில் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

குளத்து மருந்து வாடையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு கொஞ்சம் இழுத்தது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு மறுபடி பைக்குள் போட்டாள்.

மீன்குட்டியிடம் எதையும் சொல்லப் போவதில்லை என்று காதுக்காரி வழியெல்லாம் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அம்மா போனதும் ஆறு மாதம் வாயே திறக்காமல் கிடந்த பெண்ணை எழுப்பி உட்கார வைத்ததே அந்த முரசுக் கதைதான். அம்மா சும்மா போகவில்லை, அப்பாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள் என்று பிடித்துக்கொண்டுதான் கரையேறினாள். அதைப் பிடுங்கினால் இவள் என்ன ஆவாள் என்ற கேள்வி காதுக்காரியின் தொண்டையில் முள்ளாக நின்றது. நின்றாலும் அவள் விழுங்கிவிட்டாள்.

"ஒரு உதவி பண்றியா? உள்ளறையில போய் தாழ் போட்டுக்கிட்டு உக்காரு. கண்ணை மூடிக்கோ. நான் வெளியே இருந்து தட்டறேன். என்ன கேக்குதுன்னு வந்து சொல்லு."

"எதுக்கு சித்தி?"

"மெத்தை எவ்வளவு சத்தத்தை முழுங்குதுன்னு பாக்கணும். எங்க கடையில ஒரு ரூம் இப்படிப் போடலாம்னு இருக்கேன்."

மீன்குட்டி சித்தியை ஒரு நொடி கூடுதலாகவே பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். தாழ் விழுந்தது.

காதுக்காரி வெறும் மரத்தில் இரண்டு முஷ்டிகளாலும் தட்டினாள். வேகமாக. விடாமல். கை ஓரம் எரிந்தது. பிறகு இரண்டிரண்டாக. தட்டத் தட்ட அவளுக்கே மூச்சு முட்டியது. ஒன்று. நிறுத்தி இன்னொன்று. கடைசியில் உள்ளங்கையை மரத்தோடு ஒட்டிக் கீழே வரை இழுத்தாள்.

பிறகு காத்திருந்தாள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தபோதுதான் தாழ் விலகியது.

மீன்குட்டியின் முகத்தில் எதுவும் இல்லை.

"ஒண்ணும் கேக்கல சித்தி."

"ஒண்ணுமா?"

"ம். நல்லாத்தான் தைச்சிருக்காரு அப்பா."

சித்தியின் கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு கையும் சிவந்திருந்தன. கை வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று காதுக்காரி சொன்னதும், போய் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

காதுக்காரி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்றால், அப்போது அத்தான் கேட்டது? ஒருவேளை நிஜமாகவே முரசோ? அக்கா தட்டவே இல்லையோ? இரண்டு வருடத் துக்கம் ஓர் ஆளைத் தேடிக்கொண்டு அலைகிறதோ?

தெருவில் இறங்கி நடந்தபோது அவளுக்கு ஆத்திரம் அத்தான்மேல் இல்லை. தன் பழியிலிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்ட அந்த மெத்தைமேல் இருந்தது.

*

மாலை மாடி நிறைந்திருந்தது. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம். அது உள்ளே வராமல் இருக்க இந்தக் கதவுக்கும் மெத்தைக்காரர்தான் மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். அதே ஃபோம், அதே கறுப்பு ரெக்ஸின், அதே பித்தளை ஆணி. வெளிப்பக்கமாக, படிக்கட்டின் மேற்படியை நோக்கித் திறக்கிற கதவு.

காதுக்காரி கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் கப்பல்காரர். இந்தப் பக்கம் மீன்குட்டி. முன்னால், எல்லோரையும் பார்த்தபடி, புது மெத்தை போட்ட பலகை காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெறுந்தரையில் அத்தான்.

ஒரு தட்டாவது தட்டிவிட்டுப் போகலாம் என்று காதுக்காரி முடிவு செய்திருந்தாள். முரசு நிஜமோ பொய்யோ, அக்கா மூச்சுக்குத் தவித்தபோது இவர் நாமம் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்தது நிஜம். அது ஒரு தட்டுக்குப் போதும்.

"சித்தி, பையைப் பாத்துக்குங்க. வந்துடறேன்," என்று மீன்குட்டி எழுந்து வெளியே போனாள்.

அவள் வருவதற்குள் டீச்சரம்மா தலையசைத்துவிட்டார். கப்பல்காரர் எட்டித் தாழ் போட்டார். இனி யார் வந்தாலும் திறக்கக் கூடாது. பெண் வெளியே மாட்டிக்கொண்டாள் என்று காதுக்காரி பதறினாள். அடுத்த கணமே அந்தப் பதற்றம் நிம்மதியாக மாறியது. நடக்கப் போவதை அவள் பார்க்க வேண்டாம்.

டீச்சரம்மா கணக்கு வாத்தியாராக இருந்தவர். வளவளவென்று பேச மாட்டார். இவர்மேல் குறை உள்ளவர்கள் தட்டலாம், இல்லாதவர்கள் உள்ளே கேட்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

எல்லோருடைய கண்களும் மூடின. காதுக்காரியின் கண்கள் மூடவில்லை. முஷ்டியை மடக்கித் தரைக்கு மேலே உயர்த்தினாள்.

உயர்த்திய கை இறங்குவதற்கு முன், சத்தம் வந்தது.

தரையிலிருந்து இல்லை. கதவிலிருந்து.

தும்மென்று, அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி, வேகமாக, விடாமல். மரத்தில் படும் கையின் கூர்மையை எல்லாம் மெத்தை உறிஞ்சிக்கொண்டு, கனத்தை மட்டும் உள்ளே அனுப்பியது. முரசேதான். தெரியாதவர் கேட்டால் முரசு என்றுதான் சொல்வார்.

மீன்குட்டிக்கு மதியம் எல்லாம் கேட்டிருக்கிறது.

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, சித்தியிடமிருந்து அந்தத் தட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

காதுக்காரி கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக விளக்கேற்றினது போல மலர்ந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் ஒரு பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ஒருவர் கைகூப்பினார். காலையில் சரிசெய்து கொடுத்த மிஷினைக் காதில் வைத்துக்கொண்டு கப்பல்காரர் குழந்தை மாதிரி புன்னகைத்தார். வாழ்நாளில் முதன்முதலாகத் தனக்கும் முரசு கேட்டுவிட்டது என்ற பூரிப்பு அது. வெளியே ஒருத்தி தட்டுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அத்தான் முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தாள். இந்தக் கணத்துக்காகத்தான் ஒரு வாரம் பட்டினி கிடந்தாள்.

அந்த முகம் மலரவில்லை.

கண் மூடித்தான் இருந்தது. ஆனால் தாடை இறுகி, உதடு வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தோள் துள்ளியது, சவுக்கடி வாங்குகிறவன் தோள் துள்ளுவது மாதிரி. ஆச்சரியத்தின் சாயல்கூட அதில் இல்லை. அந்த அறை முழுவதும் முரசு கேட்டுக்கொண்டிருந்தபோது, முரசு கேட்டவர் ஒருவருக்கு மட்டும் அது முரசாகக் கேட்கவில்லை.

தெரியும். இவருக்கு முன்பே தெரியும்.

காதுக்காரி எழுந்து நின்றாள். தாழ் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை அதன்மேல் போனது. போன கையை அவள் எடுத்துவிட்டாள்.

"அத்தான்."

அந்த மாடியில் அமர்வு நடக்கும்போது யாரும் பேசியதில்லை. கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"கதவைத் தட்டறாங்க. வந்து திறங்க."

அவர் அசையவில்லை. தட்டு இரண்டிரண்டாக மாறியது.

டீச்சரம்மா நெற்றியைச் சுருக்கி, யாரம்மா வெளியே என்று கேட்டார். முன்வரிசையில் ஒருவர் எழப் பார்த்தார். அவரை உட்காருங்கள் என்று காதுக்காரி கையமர்த்தினாள். இவர்தான் வர வேண்டும். அன்றைக்குத் திறக்காத கை இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து திறக்க வேண்டும்.

ஒன்று. நின்று, இன்னொன்று.

"காலு வரலையா? அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்களா?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் தட்டு என்று கதவுக்கு அப்பால் இருப்பவளிடம் மனதுக்குள் சொன்னாள். இன்னும் கொஞ்சம்.

நீண்ட இடைவெளி. பிறகு ஒரு தட்டு, பலமே இல்லாமல்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. பட்டுத்துணி நழுவுவது மாதிரி, மேலிருந்து கீழே வரை.

அப்புறம் மௌனம்.

நன்றாகச் செய்கிறாள் என்று காதுக்காரி நினைத்தாள். மதியம் தான் உள்ளங்கையை இழுத்ததையும் விடாமல் அப்படியே செய்கிறாள். பெருமையாகக்கூட இருந்தது. காத்திருந்தாள். அடுத்து அவள் குரல் வரும். அப்பா என்று கூப்பிடுவாள். சிரிப்பாள், அல்லது அழுவாள்.

எதுவும் வரவில்லை.

காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தாள். மீன்குட்டியின் பை. திறந்த வாய் வழியே, துண்டுக்கு மேலே, இன்ஹேலர் தெரிந்தது.

தாழின் மேலிருந்து தன் கையைத் தானே எடுத்ததை அவள் நினைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரமாயிற்று என்று நினைக்கத் துணிவு வரவில்லை.

தாழை இழுத்தாள். கதவைத் தள்ளினாள். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அந்தப் பக்கம் ஏதோ கனமாக அடைத்துக் கிடந்தது.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். அவள் தோளுக்கு மேலே, ரெக்ஸின் பசை வாடையடிக்கும் இரண்டு கைகள் கதவில் பதிந்தன. இத்தனை நேரம் வராத குரல் அவள் காதருகே வந்தது.

"இடிக்காதம்மா, மெதுவா தள்ளு. கதவுல சாஞ்சு கிடப்பா. அன்னைக்கும் இப்படித்தான் நகரல."

சமையலறையில் கிடந்தாள் என்று இரண்டு வருடமாகச் சொன்ன வாய் அது.

அதற்கு இப்போது அவளிடம் நேரமில்லை. கறுப்பு ரெக்ஸினில் காதை அழுத்தி, அந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறதா என்று கேட்டாள்.

மெத்தை எதையும் உள்ளே விடவில்லை.